கப்பலில் ஒரு வாத்தியார்: அரிக்கமேட்டைத் தோண்டியவரின் இன்னொரு வேலை



இன்னைக்கு ஒரு விநோதமான வேலையிலிருந்து ஆரம்பிப்போம்.

பெரிய சுற்றுலாக் கப்பல்களில் சமையல்காரர் இருப்பார், டாக்டர் இருப்பார், ராத்திரி பாட்டுப் பாடுகிறவர் இருப்பார். பல கப்பல்களில் இன்னொருத்தரும் இருப்பார். அவருடைய வேலை பேசுவது. கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் போகுமே, அந்த மாதிரி நாட்களில் அரங்கத்தில் ஏறி முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பேசணும். நாளைக்கு நீங்க இறங்கப்போற ஊர் எது, அதை யார் கட்டினாங்க, ஏன் அது பாழாச்சு, இந்தக் கடலில் யாரெல்லாம் சண்டை போட்டாங்க. இப்படி.

இதுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தங்க ஒரு அறை, சாப்பாடு, பயணம் இலவசம். கூட மனைவியையோ கணவரையோ அழைத்து வரலாம். பேச வருகிறவர்களில் நிறைய பேர் ஓய்வு பெற்றவர்கள். பேராசிரியராக இருந்தவர், தூதராக இருந்தவர், கடற்படையில் இருந்தவர், நாலைந்து நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

கேட்டா ரிட்டயர்மென்ட் கனவு மாதிரி இருக்கு, இல்லையா? ஆனா இந்த வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கு. ஒரு நிபுணர் தன் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, அந்தத் துறையே தெரியாத நூறு பேருக்குக் கதை சொல்லும்போது என்ன நடக்கும்? அவங்களுக்கு அறிவு போய்ச் சேருமா, இல்லை நல்லா சொல்லப்பட்ட ஒரு கதை மட்டும் போய்ச் சேருமா?

இந்தக் கேள்வியை ஒரே ஒரு மனிதரை வைத்துப் பார்க்கலாம். இரண்டு உலகப் போர்களில் சண்டை போட்டவர். வேல்ஸில் ஒரு அருங்காட்சியகம், லண்டனில் ஒரு அருங்காட்சியகம், இந்தியாவின் தொல்லியல் துறை, பாகிஸ்தானுக்கு ஆலோசனை என்று சுற்றியவர். டிவியில் பிரபலம். கடைசியில் மத்தியதரைக் கடலில் கப்பல் கப்பலாகப் போய்ப் பாடம் எடுத்தவர். நடுவில் மூன்று மாதம் நம்ம பாண்டிச்சேரி பக்கத்தில் மண்ணைத் தோண்டியவரும் அவரேதான்.

அவர் பெயர் மார்ட்டிமர் வீலர்.

கடலும் கதையும்

வீலருக்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

கப்பல் கம்பெனியும் எழுதுகிறவர்களும் ஒட்டிக்கொண்டது ரொம்பப் பழைய உறவு. 1844இல் பி அண்ட் ஓ கம்பெனி, எழுத்தாளர் தாக்கரேக்கு மத்தியதரைக் கடல் பயணத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்தது. இந்தத் தாக்கரே நம்ம கல்கத்தாவில் பிறந்தவர். போய் வந்து 1846இல் ஒரு பயண நூல் எழுதினார். கம்பெனிக்கு விளம்பரம், அவருக்கு ஊர் சுற்றல். இன்றைய இன்ஃப்ளூயன்சர் டீல்தான், வேறொண்ணும் இல்லை.

1867இல் குவேக்கர் சிட்டி என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் புனித பூமிக்கும் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதில் போன ஒரு பத்திரிகையாளர் மார்க் ட்வெய்ன். ஊர் ஊராக வந்த வழிகாட்டிகள் ஒப்பிக்கிற வரலாற்றை அவர் போட்டுக் கிண்டல் செய்திருக்கிறார். அந்தக் கிண்டலில் ஒரு நியாயம் உண்டு. பயணிக்கு நிஜமாகவே விவரம் தெரிந்த ஆள் யாரும் கூட இல்லை. கையில் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றவர்களில் ஒருவர் ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர். 1906இல் ஹெலனிக் டிராவலர்ஸ் கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, படித்தவர்களைக் கப்பலில் கிரேக்கத்துக்கு அழைத்துப்போனார். கூடவே சொற்பொழிவும் உண்டு. பிறகு போர்கள் வந்தன. அந்த மாதிரி பயணங்கள் நின்றுபோயின.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கிரேக்கத்தின் நிலைமை மோசம். முதலில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, அதன்பின் 1949 வரை உள்நாட்டுப் போர். நல்ல ரோடு இல்லை, தங்க ஹோட்டல் இல்லை. ஆனால் பழைய ஊர்கள் முக்கால்வாசி கடற்கரையிலோ தீவிலோதான் இருக்கின்றன. அப்போ என்ன செய்யலாம்? படுக்கவும் சாப்பிடவும் ஊர் ஊராகப் போகவும் ஒரே இடம் வேணும். அதுக்குக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை.

1954இல் லண்டனைச் சேர்ந்த ஸ்வான் என்ற குடும்ப டிராவல் ஏஜென்சி, ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து முதல் கிரேக்கப் பயணத்தை நடத்தியது. அதுதான் பின்னால் ஸ்வான் ஹெலனிக் என்று பெயர் எடுத்தது. அதன் சிறப்பு சாப்பாடோ நீச்சல்குளமோ கிடையாது. கூடவே வந்த அறிஞர்கள்தான். அந்த 1950களிலேயே அவர்களோடு சேர்ந்து, அந்தப் பயணங்களின் முகமாகவே ஆகிவிட்டவர் வீலர்.

ஐந்தில் ஒருவர்

இப்போ வீலர் யார்னு பார்ப்போம்.

1890இல் கிளாஸ்கோவில் பிறந்தார். யார்க்ஷயரில் வளர்ந்தார். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். ஓவியர் ஆகணும்னு ஆசை, ஓவியப் பள்ளிக்கும் போனார். அது நமக்கு வராது என்று புரிந்ததும் தொல்லியல் பக்கம் திரும்பினார்.

1914இல் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்தார். மிலிட்டரி கிராஸ் பதக்கத்தோடு திரும்பினார். போருக்கு முந்தின வருஷம் ராக்ஸ்டர் என்ற ரோமானிய ஊரை அவரோடு தோண்டிய மாணவர்கள் ஐந்து பேர். போர் முடிந்தபோது அவர்களில் உயிரோடு இருந்தது தான் ஒருவன் மட்டும்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு தலைமுறையே காணாமல் போன துறையில் தனியாக நிற்கிறோம் என்ற அவசரம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

1920இல் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகம். 1926இல் லண்டன் அருங்காட்சியகம். கூடவே வரிசையாக அகழாய்வுகள். அதில் ரொம்பப் பேர் வாங்கியது 1934 முதல் 1937 வரை தோண்டிய மெய்டன் காசில் என்ற மலைக்கோட்டை.

அங்கே அவர் செய்த ஒரு விஷயம் நம்ம கதைக்கு முக்கியம். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களை அவர் விரட்டவில்லை. குழியைச் சுற்றி நிற்கவைத்து, என்ன நடக்கிறது என்று விளக்க ஆள் போட்டார். போஸ்ட்கார்டு விற்றார். கோட்டையில் குவியல் குவியலாகக் கிடைத்த கவண் கற்களைக்கூடச் சில்லறைக் காசுக்கு விற்றார். அந்தப் பணமும் தோண்டுகிற செலவுக்கே போனது. மற்ற அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். அவருக்குக் கவலையில்லை. காசு கொடுக்கிற ஜனங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லவேண்டிய கடமை தொல்லியலாளருக்கு உண்டு என்பது அவர் கட்சி.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லியாகணும். டெஸ்ஸா. வீலரின் மனைவி. அகழாய்வுகளில் அன்றாட மேற்பார்வை, மாணவர்களுக்குப் பயிற்சி, கணக்கு வழக்கு எல்லாம் பெரிய அளவில் அவர் கையில் இருந்தது. லண்டனில் தொல்லியலுக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே உழைத்தார்கள். அது 1937இல் திறந்தது. டெஸ்ஸா 1936லேயே இறந்துவிட்டார். வீலர் அவருக்கு நல்ல கணவராக இருக்கவில்லை என்பதும், பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் மோசம் என்பதும் அவருடைய வாழ்க்கை வரலாறுகளிலேயே பதிவாகியிருக்கிறது. மேடையில் ஒருத்தர் ஜொலிக்கிறார் என்றால், மேடைக்குப் பின்னால் யார் உழைத்தாங்கன்னு கேட்பது நல்லது.

அலமாரியில் கிடந்த ஒரு துண்டு

இரண்டாம் உலகப் போர். வீலருக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. மறுபடியும் பீரங்கி. எல் அலமைனில் சண்டை போட்டார். லிபியாவில் லெப்டிஸ் மேக்னா போன்ற ரோமானிய நகரங்களைப் படைகள் நாசம் செய்யாமல் காப்பாற்ற மெனக்கெட்டார். பிறகு இத்தாலியில் தரையிறங்கினார். அந்தச் சமயத்தில்தான் இந்தியாவிலிருந்து அழைப்பு. தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் பதவி.

1944இல் கப்பலேறி வந்து சேர்ந்தார். வந்த வருஷமே தக்சசீலத்தில் ஒரு பயிற்சி முகாம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து அறுபது பேர் போல வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்னு சொல்லலாம். மண்ணை அடுக்கு அடுக்காகப் படிக்கணும்.

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன், பின்னால் தேவைப்படும். ஒரு ஊரில் மனிதர்கள் ஆயிரம் வருஷம் வாழ்ந்தால், மண் மேல் மண்ணாகப் படிந்துகொண்டே போகும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நடுவில் குப்பைக்குழி, கிணறு, பிணக்குழி எல்லாம் பல அடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். அதனால் ஒரு பொருள் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பது மட்டும் பத்தாது. எந்த அடுக்கில் கிடைத்தது என்பதுதான் கேள்வி. வீலர் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார். சதுரங்களுக்கு நடுவில் ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விட்டுவைப்பார். அந்தச் சுவரில் அடுக்குகள் கேக் வெட்டின மாதிரி தெரியும். கேத்லீன் கென்யன் என்ற அவருடைய மாணவி இதை இன்னும் மெருகேற்றினார். அதனால் இரண்டு பேர் பெயரிலும் இந்த முறை வழங்குகிறது.

அந்த 1944லேயே வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஒரு அலமாரியில் ஒரு மண்பாண்டத் துண்டு. அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆம்போரா. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது, எண்ணெய் ஊற்றி அனுப்புகிற நீண்ட ஜாடி. இது எங்கே கிடைத்தது? பாண்டிச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேடு.

பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1930களிலேயே அந்த மேட்டில் மணிகளும் கற்களும் சேகரித்து, இங்கே ரோமானியத் தொடர்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூரில் கொஞ்சம் தோண்டியும் இருந்தார்கள். வீலர் பாண்டிச்சேரிக்கே போய்ப் பார்த்தார். அங்கே பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள். அரெட்டைன் வகை. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்தது. ஐரோப்பாவில் எத்தனையோ இடங்களில் அவரும் மற்றவர்களும் தோண்டி எடுத்தது. எப்போது செய்தார்கள், எப்போது வழக்கொழிந்தது என்று துல்லியமாகத் தெரிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அதன் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அன்றைக்குத் தென்னிந்திய மண்ணில் கிடைத்த எதற்கும் உறுதியான வயது சொல்ல முடியாது. கார்பன் டேட்டிங் வரவில்லை. ஆனால் தேதி தெரிந்த இத்தாலியத் தட்டு ஒன்று, தேதி தெரியாத உள்ளூர்ப் பானையோடு ஒரே அடுக்கில் கிடைத்தால்? உள்ளூர்ப் பானைக்கும் தேதி கிடைத்துவிடும். அதே உள்ளூர்ப் பானை நானூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் கிடைத்தால், அந்த ஊருக்கும் தேதி.

1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொளுத்துகிற வெயிலில் தோண்டினார்கள். ஆற்றங்கரை என்பதால் ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறியது. இறைத்துவிட்டுத்தான் தோண்டணும். கிடைத்தவற்றில் அரெட்டைன் தட்டுகளோடு, உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட ஒரு வகைத் தட்டும் இருந்தது. தமிழ் பிராமி எழுத்து கீறிய துண்டுகளும் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து, கர்நாடகத்தில் பிரம்மகிரியில் அந்தப் புள்ளிக்கோட்டுத் தட்டு கிடைத்தபோது, அதை வைத்தே அங்கிருந்த பெருங்கற்காலப் பண்பாட்டின் காலத்தை வீலர் கணக்கிட்டார். அரெஸ்ஸோவில் ஒரு குயவர் செய்த தட்டு கடல் தாண்டி வந்து, இரண்டாயிரம் வருஷம் கழித்துத் தென்னிந்திய வரலாற்றுக்குக் காலண்டர் ஆனது.

கடலில் ஒரு வகுப்பு

1948இல் இந்தியப் பதவி முடிந்தது. கொஞ்ச காலம் பாகிஸ்தான் அரசுக்கு ஆலோசகர். 1949இலிருந்து பிரிட்டிஷ் அகாதமியின் செயலாளர். 1952இல் சர் பட்டம். அதே வருஷம் பிபிசியில் ஒரு வினாடி வினா தொடங்கியது. ஏதோ ஒரு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள். இது என்ன, எந்த ஊர், எந்தக் காலம் என்று மூன்று நிபுணர்கள் கண்டுபிடிக்கணும். வீலர் முறுக்கின மீசையும் நாடகத்தனமான பேச்சுமாக அதில் உட்கார்ந்தார். 1954இல் அந்த வருஷத்தின் டிவி நட்சத்திரமாகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தொல்லியலாளரை! வயது அறுபத்து நாலு.

ஸ்வான் கப்பலுக்கு இப்படிப்பட்ட ஆள்தானே வேணும்.

அந்தக் கப்பல்களை இன்றைய பிரம்மாண்டக் கப்பல்களோடு கற்பனை பண்ணிடாதீங்க. எல்லாம் பழைய கப்பல்கள். 1960களில் அவர்கள் வாடகைக்கு எடுத்த துருக்கியக் கப்பல் அங்காரா. அது 1927இல் அமெரிக்காவில் இரோக்குவா என்ற பெயரில் கட்டப்பட்டது. பிறகு சோலேஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவமனைக் கப்பல் ஆனது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் நின்றுகொண்டிருந்தது. குண்டு விழுந்து எரிந்துகொண்டிருந்த போர்க்கப்பல்களிலிருந்து காயம்பட்டவர்களை அதன் படகுகள் ஏற்றிவந்தன. அந்தக் கப்பலில் இருபது வருஷம் கழித்து வாத்தியார்களும் டாக்டர்களும் உட்கார்ந்து கிரேக்க வரலாறு கேட்டார்கள்.

பாடத்துக்குக் கப்பல் ஏன் பொருத்தமான இடம்? டெலோஸ் தீவை எடுத்துக்குங்க. பழங்காலத்தில் பெரிய வணிகத் துறைமுகம். இன்றைக்கு முழுக்க இடிபாடு. ராத்திரி தங்க முடியாது. படகில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பணும். எபேசஸ் ஒரு காலத்தில் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் அடைத்து அடைத்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. இந்த ஊர்களுக்கு அந்தக் காலத்து மனிதர்கள் வந்த பாதை கடல்தான். பயணியும் அதே பாதையில் வருகிறார். முதல் நாள் கப்பலில் கேட்கிறார், மறுநாள் காலையில் இறங்கிப் போய்ப் பார்க்கிறார்.

இதில் ஒரு விசேஷம் கவனிச்சீங்களா? வகுப்பறையில் வாத்தியார் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வோம். கப்பலில் வாத்தியார் சொன்னது சரியா என்று மறுநாள் கல்லே சொல்லிவிடும். அதோடு, ஸ்வான் பயணங்களில் ஒருத்தர் மட்டும் பேசுவதில்லை. கிரேக்க இலக்கியம் தெரிந்தவர், மதம் தெரிந்தவர், கட்டடக்கலை தெரிந்தவர் என்று பலர் வருவார்கள். சாப்பாட்டு மேசையில் அவர்களைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம்.

மெய்டன் காசிலில் குழி ஓரத்தில் நின்ற ஜனங்களுக்குச் சொன்னதையே வீலர் இங்கே பெரிய அளவில் செய்தார். அதற்குள் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். கல்லில் ஏறி நின்று குரல் உயர்த்திப் பேசினால் கூட்டம் அசையாமல் நிற்குமாம்.

இந்திரன் மேல் ஒரு வழக்கு

இதுவரைக்கும் கேட்டா நல்ல கதை. இப்போ அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம்.

1946இல் வீலர் ஹரப்பாவைத் தோண்டினார். பெரிய மதில் சுவர்கள் தெரிந்தன. ரிக்வேதத்தில் இந்திரன் கோட்டைகளை உடைக்கிறவன். மொகஞ்சதாரோவில் அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே எலும்புக்கூடுகள் கிடைத்திருந்தன. தெருவிலும் வீட்டிலுமாக, எல்லாம் சேர்த்து நாற்பதுக்கும் குறைவு. வீலர் மூன்றையும் முடிச்சுப் போட்டார். ஆரியர் படையெடுத்து வந்தார்கள், கடைசி மக்களைத் தெருவில் வெட்டிப் போட்டார்கள், குற்றவாளிக் கூண்டில் நிற்பது இந்திரன்.

என்ன ஒரு காட்சி பாருங்க! படம் எடுக்கலாம். பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் போனது. இன்றைக்கும் யூட்யூபில் யாராவது இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் எளிமையான ஒரு கேள்வி கேட்டார். அந்த எலும்புக்கூடுகள் எந்த அடுக்கில் கிடைத்தன? பழைய பதிவுகளைப் புரட்டினார். எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்று காட்ட ஆதாரம் இல்லை. நகரம் எரிந்த அடுக்கு இல்லை. போர் நடந்ததற்கான ஆயுதக் குவியல் இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு எலும்புக்கூடுகூட இல்லை. வெவ்வேறு சமயத்தில் இறந்து, ஏனோதானோ என்று புதைக்கப்பட்டவர்களை ஒரே நாள் படுகொலையாகக் கோர்த்திருந்தார்கள். பின்னால் எலும்புகளைப் பரிசோதித்தவர்களும் படுகொலைக் கதைக்கு ஆதரவு தரவில்லை. வீலரும் பிற்காலப் புத்தகங்களில் வெள்ளம், நிலச்சீரழிவு என்று வேறு காரணங்களைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் கதை வெளியே போயாச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. டேல்ஸ் கேட்ட கேள்வி யாருடையது? தக்சசீலத்தில் அறுபது பேருக்கு வீலர் சொல்லிக்கொடுத்த அதே கேள்வி. தன் மாணவர்கள் கேட்காமல் விட்டால் திட்டித் தீர்த்திருப்பார். ஒரு அருமையான கதை கையில் கிடைத்ததும் அவரே கேட்க மறந்துவிட்டார்.

அரிக்கமேட்டிலும் கொஞ்சம் இப்படித்தான். ஏதோ மீன்பிடி கிராமமாக இருந்த இடத்துக்கு ரோமானியர்கள் வந்ததும்தான் வாழ்வு வந்தது என்ற தொனி அவர் எழுத்தில் இருக்கிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடியும் தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்னாலேயே அங்கே செழிப்பான ஊர் இருந்தது தெரிந்தது. அந்தப் புள்ளிக்கோட்டுத் தட்டும் இந்தியாவிலேயே செய்தது. யாரோ வந்து எழுப்பிவிட்ட ஊர் என்பது போய், கடல் வணிகத்தில் ஏற்கெனவே கை தேர்ந்திருந்த ஊர் என்று படம் மாறியது. மாற்றியது எது? மறுபடியும் அடுக்குகள்தான்.

அப்போ வீலர் கப்பலில் ஏறிப் பேசியதே தப்பா? எனக்கு அப்படித் தோணலை. வாயே திறக்காமல், பத்துப் பேர் மட்டும் படிக்கிற அறிக்கை எழுதிவிட்டு இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் தொல்லியல் என்று ஒன்று இருக்கிறது என்பதே வெளியே ஜனங்களுக்குத் தெரிந்திருக்காது. மெய்டன் காசிலில் போஸ்ட்கார்டு வாங்கியவர், டிவி பார்த்தவர், டெலோஸில் வெயிலில் நின்று கேட்டவர் எல்லாரும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். மண்ணில் கிடைக்கிற உடைந்த தட்டும் வரலாறு பேசும். அந்தப் புரிதலை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது வீலர் மாதிரி ஆட்கள்தான்.

அவர் கதை சொன்னதில் எனக்குப் பிரச்சினை இல்லை. இந்திரன் கதையில் முடிவு மட்டும் பயணம் செய்தது, ஆதாரம் கூட வரவில்லை. அரெட்டைன் தட்டுக் கதையில் ஆதாரமும் கூடவே வந்தது. இது எங்கே செய்தது, எப்போது நின்றது, எதோடு கிடைத்தது என்று ஒவ்வொரு படியும் கேட்கிறவருக்குத் தெரிந்தது. அதனால்தான் எண்பது வருஷம் கழித்தும், பெக்லி திருத்திய பிறகும், அந்தக் கதையின் நடு எலும்பு நிற்கிறது.

வீலர் 1976 ஜூலையில் இறந்தார். வயது 85. ஸ்வான் ஹெலனிக்கை 1983இல் பி அண்ட் ஓ வாங்கியது. 1844இல் தாக்கரேக்கு இலவச டிக்கெட் கொடுத்த அதே கம்பெனி. இன்றைக்குக் கப்பலில் பேசுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கப்பலுக்குப் போகாமலே வரலாறு கேட்கிற வசதியும் வந்துவிட்டது. இதோ, இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்க. ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்வான் கப்பலில் இருந்தவர் மறுநாள் காலையில் இறங்கிப் போய்ப் பார்ப்பார். நாம பெரும்பாலும் அடுத்த எபிசோடுக்குப் போய்டுவோம்.

அதனால் அடுத்த முறை பாண்டிச்சேரி வீக்கெண்ட் போனா, ஒயிட் டவுன் போட்டோ எல்லாம் முடிச்சுட்டு, தெற்கே ஒரு நாலு கிலோமீட்டர் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய்ட்டு வாங்க. மரங்களும், பிற்காலத்தில் கட்டிய ஒரு செங்கல் கட்டடத்தின் இடிபாடும் இருக்கும். பார்க்கப் பெரிசா ஒண்ணும் இருக்காது. மற்றதெல்லாம் காலுக்குக் கீழே அடுக்கு அடுக்காக இருக்கு.

யாராவது உங்களுக்கு வரலாற்றை ரொம்ப அழகா சொன்னா, நான் சொன்னாலும் சரி, ரசிச்சுக் கேளுங்க. கேட்டு முடிச்சதும் வீலர் சொல்லிக்கொடுத்து, வீலரே ஒரு தடவை கேட்க மறந்த அந்தக் கேள்வியைக் கேட்டுடுங்க.

இது எந்த அடுக்கில் கிடைத்தது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.